புதுப்பிப்பு: பிஸ்டலின் ஆடும் கைப்பிடித் தகடு

உரிமம் பெற்ற என் .32 பிஸ்டலின் வலப்பக்க மரத்தகடு, திருகை எவ்வளவு முறுக்கினாலும் சுட்டதும் மீண்டும் ஆடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். ஆயுதத்தைப் பழுதுபார்க்கவும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால், கிருஷ்ணகிரியில் தெரிந்த லேத் பட்டறை இருந்தும் அங்கே கொடுக்காமல், உரிமம் உள்ளவரிடமே கொண்டு சென்றேன். மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் கூடு) கழற்றி, தோட்டா அமரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே அவர் திருகைத் தொட்டார். அந்த நிதானம் மிகவும் பிடித்திருந்தது. திருகின் மரை (சுற்றுப்புரி) தேயவில்லை, பிஸ்டலைத் துடைக்கும்போது இறங்கிய எண்ணெய் அதற்குள் தேங்கியிருக்க, சுடும் அதிர்வில் திருகு தளர்ந்திருக்கிறது. எண்ணெயை முற்றிலும் நீக்கி, திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு மட்டும் இட்டு, மரம் விரிசல் விடாத அளவுக்குக் கையால் முறுக்கினார். முந்தைய பதிவைப் படித்து, இன்னும் வலுவான சிவப்பு மரைப்பசையைப் பரிந்துரைத்தவர்கள் கவனிக்க வேண்டும்: அதைக் கழற்றச் சூடு தேவை, மரத்தகடு அதைத் தாங்காது.