டும்-சக் வாசிப்பில் சி கார்ட் படுத்தும் பாடு

கிட்டாரில் சாதாரண ஸ்ட்ரம்மிங் (தந்திகளை மொத்தமாக வருடுவது) கைக்கு வந்த பிறகு ஆல்டர்நேட்டிங் பேஸ் (தடித்த தந்திகளில் இரண்டு சுரங்களை மாறி மாறி அடித்து, நடுநடுவே வருடுவது) பழகியவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். என் பங்கு இது.

ஜி கார்டில் (கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் பிடி) எல்லாம் சுகமாகப் போகும். ஆறாவது, அதாவது மிகத் தடித்த தந்தியில் ஜி சுரம், பிறகு மெல்லிய தந்திகளில் ஒரு வருடல், நாலாவது தந்தியில் டி, மறுபடி வருடல். டும்-சக், டும்-சக். நம்ம கணக்கில் ஸவும் பவும்தான், தம்புராவில் கேட்கிற அதே ஜோடி. டி கார்டிலும் தொல்லை இல்லை. நாலாவது தந்தி, ஐந்தாவது தந்தி, இரண்டையும் அழுத்தவே வேண்டாம்.

சி வந்ததும்தான் வண்டி நின்றது. ஐந்தாவது தந்தியில் சி பிடித்திருக்கும் அதே மோதிர விரல், ஆறாவது தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் உள்ள கட்டம்) தாவி ஜி-யைப் பிடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். அது கிளம்பினால் நடுவிரலும் கூடவே எழும்பும், கார்ட் செத்துப்போகும். வலது கையை நிறுத்திவிட்டு, மற்ற இரண்டு விரலும் அசையாமல் மோதிர விரலை மட்டும் மேலும் கீழும் நகர்த்திப் பழகினேன். டிவி பார்த்துக்கொண்டேகூடச் செய்யலாம். வீட்டில் இருப்பவர்களுக்கும் நிம்மதி.

வருடல் மெல்லிய மூன்று தந்தியோடு நிற்கட்டும். ஆறையும் இழுத்தால் பேஸ் எங்கே அடித்தோம் என்றே கேட்காது.

பதில்: எனக்கு பிக் (தந்தியை மீட்டும் சின்னத் துண்டு) ஒத்துவரவில்லை, கட்டைவிரல்தான். அமெரிக்க நாட்டுப்புற இசைக் கிட்டார் கலைஞர் மேபெல் கார்ட்டர் வாசித்ததைக் கேட்டுப் பாருங்கள். அவர் இருந்த கார்ட்டர் குடும்பம் என்ற இசைக்குழு 1927-ல் டென்னசியின் பிரிஸ்டலில் முதன்முதலாகப் பதிவு செய்தது. மேபெல் கட்டைவிரலால் பேஸ் தந்திகளில் மெட்டையே வாசிப்பார், ஆள்காட்டி விரல் மேலே தாளத்தை வருடிக்கொண்டிருக்கும். அந்த ஆசையில் ஜி-யிலிருந்து சி-க்குப் போகும்போது நடுவில் ஏ, பி இரண்டையும் ஐந்தாவது தந்தியில் தொட்டுவிட்டுப் போகிறேன். பாட்டு நடக்க ஆரம்பித்துவிடுகிறது.

பதில்: சி-க்குப் பயந்த நான் எஃப்-ஐ நினைத்து இன்னும் நடுங்கினேன் அண்ணா. ஆனால் முழு பார் (ஆள்காட்டி விரலால் ஆறு தந்தியையும் சேர்த்து அழுத்துவது) பிடித்தால் ஆறாவதில் எஃப், ஐந்தாவதில் சி, இரண்டும் விரலுக்கடியிலேயே இருக்கின்றன. எதையும் நகர்த்த வேண்டாம். மணிக்கட்டு வலி மட்டும் இலவசம்.