சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்கவில்லை: வேக்குவம் லீக்கை எங்கே தேடுவது?

ஐந்துசிலிண்டர்:
வணக்கம். 1983 மாடல் மெர்சிடிஸ் டபிள்யூ123, 300டி டீசல், ஆட்டோமேடிக். கொஞ்ச நாளாகச் சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சில நேரம் தானாக அடங்கிவிடும். சில நேரம் பானெட்டைத் திறந்து, 'ஸ்டாப்' என்று எழுதிய லீவரை அழுத்தினால்தான் நிற்கும். சென்ட்ரல் லாக்கிங்கும் சோம்பிவிட்டது. ஓட்டுநர் கதவைப் பூட்டினால் மற்ற கதவுகளின் குமிழ்கள் பாதி இறங்கி அப்படியே நிற்கின்றன. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, கியர் மாறுவதும் பழையபடிதான். வேக்குவம் பம்பை மாற்றிவிடலாமா?

கறுப்புப்புகை:
பம்புதான். நாற்பது வருஷம் ஓடியது இன்னும் எவ்வளவுதான் இழுக்கும்? மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பழையஸ்பேனர்:
தயவுசெய்து பம்பில் கை வைக்காதீர்கள். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பாதி விடை அதில் இருக்கிறது.

பெட்ரோல் காரில் த்ராட்டில் (காற்று வரும் வழியை மூடும் தகடு) மூடும்போது மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுவை, தானாகக் கிடைக்கும். இந்த டீசலில் த்ராட்டில் இல்லை, அதனால் இன்ஜினே ஒரு பம்பை ஓட்டி வேக்குவத்தை உண்டாக்குகிறது. பம்பிலிருந்து தடித்த குழாய் ஒன்று நேராக பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதியை லேசாக்கும் பாகம்) போகும். அந்தக் குழாயில் உள்ள சின்னச் சின்ன நிப்பிள்களில்தான் மற்றதெல்லாம் தொங்குகிறது: சாவி (அணைத்ததும் வேக்குவம்தான் டீசலை அடைத்து இன்ஜினை நிறுத்துகிறது), கதவுப் பூட்டு, கியர்பாக்ஸ். நிப்பிள் துளைகளை வேண்டுமென்றே ஊசித் துளையாக வைத்திருக்கிறார்கள். மெல்லிய ட்யூபில் எங்காவது ஓட்டை விழுந்தாலும் பிரேக்குக்கு உரியது குறையக் கூடாது என்பதற்காக. ஆக, பிரேக் சரி, மற்றது கோளாறு என்றால் லீக் பெரும்பாலும் மெல்லிய ட்யூப் பக்கம்தான்.

பம்பின் மேல் சந்தேகம் தீர ஒரு வேக்குவம் கேஜ் போதும். நிப்பிள்களில் உள்ள மெல்லிய ட்யூப்களையெல்லாம் கழற்றி அடைத்துவிட்டு, ஒன்றில் மட்டும் கேஜை மாட்டி ஐடிலில் பாருங்கள். 20 அங்குலத்துக்கு (பாதரச அளவில்) மேல் காட்டினால் பம்பை மறந்துவிடலாம். மலைப்பகுதியில் இருந்தால் மட்டும் கணக்கு வேறு, 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். அது பம்பின் குற்றமல்ல.

அப்புறம் இன்ஜெக்‌ஷன் பம்பின் (இன்ஜினுக்கு டீசலைச் செலுத்துவது) பின்பக்கம் இருக்கும் ஷட்-ஆஃப், அதாவது டீசலை அடைக்கும் பாகம். அதற்குப் போகும் பழுப்பு ட்யூபைக் கழற்றுங்கள். உள்ளே எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஷட்-ஆஃபுக்குள் இருக்கும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்து இன்ஜின் ஆயில் ஏறுகிறது, வேறு எங்கும் தேட வேண்டாம். ட்யூப் காய்ந்திருந்தால் இன்ஜினை ஓடவிட்டு, ஷட்-ஆஃபில் கைப்பம்பை (கையால் வேக்குவம் இழுக்கும், முள் உள்ள கருவி) மாட்டி இழுங்கள். இன்ஜின் சட்டென்று நின்று, முள்ளும் இறங்காமல் இருந்தால் ஷட்-ஆஃப் நல்லது.

கடைசியாக, கழற்றியதையெல்லாம் மாட்டிவிட்டு, கதவுப் பூட்டுக்குப் போகும் மஞ்சள் ட்யூபை மட்டும் பிடுங்கி அந்த நிப்பிளை அடைத்துப் பாருங்கள். சாவியில் இன்ஜின் நின்றால் திருடன் கதவுப் பக்கம். நிற்காவிட்டால் சாவிக்குப் பின்னால் இருக்கும் வால்வு. அதற்கு டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுக்க வேண்டும், அதை அப்புறம் பார்ப்போம்.

ஒன்று, சந்து தெரியும் இடமெல்லாம் சீலண்ட் பூசிவிடாதீர்கள். வேக்குவம் அதை உள்ளே இழுத்து அந்த ஊசித் துளையிலேயே உட்கார வைத்துவிடும்.

ஐந்துசிலிண்டர்:
விரிவாக எழுதியதற்கு நன்றி அண்ணா. கேஜில் 22. பழுப்பு ட்யூப் காய்ந்திருக்கிறது, கைப்பம்பு இழுத்ததும் இன்ஜின் நின்றது, முள் அசையவில்லை. மஞ்சளை அடைத்தேன், சாவியைத் திருப்பியதும் நின்றுவிட்டது! ஆனால் கதவு நாலு இருக்கிறதே, எல்லா உள்பலகையையும் கழற்றணுமா?

பழையஸ்பேனர்:
வேண்டாம். ஒரு கேள்வி: நிற்காமல் அடம்பிடித்த நேரங்களில் கதவுகள் பூட்டியிருந்தனவா, திறந்திருந்தனவா?

ஐந்துசிலிண்டர்:
நீங்கள் கேட்ட பிறகு சோதித்துப் பார்த்தேன். உள்ளிருந்து பூட்டிக்கொண்டால் நிற்கவில்லை. பூட்டைத் திறந்துவிட்டு அணைத்தால் நிற்கிறது.

பழையஸ்பேனர்:
அப்படியென்றால் வேலை பாதியாகிவிட்டது. ஒவ்வொரு கதவு ஆக்சுவேட்டருக்கும் (வேக்குவத்தால் பூட்டை அசைக்கும் பாகம்) இரண்டு ட்யூப் போகிறது, பூட்ட ஒன்று, திறக்க ஒன்று. உங்கள் லீக் பூட்டும் பக்கத்தில் மட்டும்.

கதவுகளைப் பார்க்கும் முன், பெட்ரோல் பங்க்கில் மட்டும் நாம் நினைத்துப் பார்க்கும் அந்த டீசல் மூடியையும், டிக்கியையும் பாருங்கள். அவற்றுக்கும் ஆக்சுவேட்டர் உண்டு, முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுவார்கள். கைப்பம்பை அந்தந்த ட்யூபில் மாட்டி 15 அங்குலம் இழுத்துவிட்டு முள்ளைப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் அதுதான். பிறகு கதவுகள்: பலகையைக் கழற்றும் முன், கதவுக்குள் ட்யூப் நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் மூட்டை விரலால் மடக்குங்கள். திறந்து மூடி மடங்கும் இடம் என்பதால் வெடிப்பு அங்கே முதலில் வரும்.

ஐந்துசிலிண்டர்:
டீசல் மூடிதான்! முள் நிற்கவே இல்லை, விட்டதும் பூஜ்யம். இப்போதைக்கு அதன் ட்யூப்களை அடைத்துவிட்டேன். கதவுக் குமிழ்கள் 'டப்' என்று ஒன்றாக இறங்குகின்றன, இன்ஜினும் சாவியோடு நிற்கிறது. ஆக்சுவேட்டர் வாங்கும்போது ரப்பர் இணைப்புகளையும் மாற்றப் போகிறேன். சிலிகான் ட்யூப் போடலாமா?

பழையஸ்பேனர்:
கதவுப் பக்கம் போடலாம். இன்ஜின் பக்கம் வேண்டாம், ஆயிலும் டீசலும் பட்டால் சிலிகான் ஊதித் தளர்ந்துவிடும். அங்கே நைட்ரைல் ரப்பர் வாங்குங்கள்.

கறுப்புப்புகை:
சரி, ஒப்புக்கொள்கிறேன், பம்பு இல்லை. அந்தக் கைப்பம்பு என்ன அளவு நிப்பிளோடு வருகிறது என்று சொல்லுங்கள், எனக்கும் ஒன்று வேண்டும்.