செடிக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியா: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கண்ணாடிக்குப்பி (கோயம்புத்தூர்)

திசு வளர்ப்பு வாழைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். ஜி-9 என்ற வாழை இரகத்தின் கன்று. கிழங்கைச் சீவி, மெர்குரிக் குளோரைடில் முக்கி, கழுவி, குப்பிக்குள் இறக்குவதெல்லாம் இங்கே பலருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். என்னை இன்னும் அரிப்பது ஒரு வரிசைக் குப்பிகள்தான். பலமுறை மாற்றி நட்டும் சுத்தமாக வந்துகொண்டிருந்த வரிசை. அதில் திடீரென்று தண்டின் அடியைச் சுற்றி மட்டும் பால்நிறப் படலம் கட்டியது. வெளியிலிருந்து விழுந்த கிருமி என்றால் கண்ட இடத்தில் புள்ளி வைக்கும். பூஞ்சை என்றால் பஞ்சு கட்டும். இது செடியை ஒட்டி, அதன் உள்ளிருந்தே கசிந்திருந்தது. ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். குச்சி குச்சியாக, ஒரு கூட்டமே நீந்திக்கொண்டிருந்தது.

மேற்பார்வை அக்கா வந்து பார்த்தார். "அம்மிணி, இது வேடிக்கை பார்க்கிற இடமா? ஆட்டோகிளேவில் போடு" என்றார். கொதி நீராவியில் கிருமியைக் கொல்லும் பாத்திரம் அது. உத்தரவு சரிதான். குப்பியில் சர்க்கரை இருக்கிறது, விட்டுவைத்தால் பாக்டீரியா பெருகிச் செடியையே அமுக்கிவிடும். ஆனால் அந்தக் கன்றுகளின் வேர் பக்கத்து வரிசையைவிடத் தடிமனாக இருந்ததை நான் பார்த்துவிட்டேனே!

தோட்டத்து வாழையில் பக்கக்கன்று தாய்க் கிழங்கை விட்டுப் பிரியும்போதே இந்தக் குடிகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. நாங்கள் விற்றது அவற்றில் பெரும்பகுதியைத் தொலைத்த கன்று. நிழல்வலைக்குள் பதப்படுத்தும்போது நல்ல பாக்டீரியாவை வேருக்குத் திரும்பக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வாழையைக் குட்டையாக்கும் முடிக்கொத்து வைரஸ் நோய்க்கு எதிராக வேளாண் பல்கலைக்கழகத்திலேயே அப்படிச் சோதித்திருக்கிறார்கள். எங்கள் கூடத்தில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. கொன்று விற்பதும் பிறகு வாங்கி ஊற்றுவதுமாக இரண்டு வேலை எதற்கு என்று யாராவது சொல்லுங்கள்.

மடைமாற்றி (கோபி பக்கம்)

என்னுடையது கரும்பு. வேளாண் கல்லூரிப் பெண்கள் கிராமத் தங்கலுக்கு வந்திருந்தார்கள். என் காட்டில் ஒரு கழியை வெட்டி, தோல் சீவி, ஸ்பிரிட்டில் துடைத்து, தீயில் காட்டி, நடுச்சோற்றை மட்டும் பிழிந்து, ஒரு சோதனைக்குழாயில் சொட்டு விட்டார்கள். "இந்த வளர்ப்பு ஊடகத்தில் சர்க்கரை நிறைய இருக்கிறது, தழைச்சத்தான நைட்ரஜன் துளிகூடக் கிடையாது ஐயா. இதில் வளர்கிறவன் காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்றாள் ஒருத்தி. சில நாள் கழித்து அதே குழாயைக் கொண்டுவந்து காட்டினாள். மேலே மஞ்சளாக ஓர் ஆடை படிந்திருந்தது.

நான் உயிர் உரப் பாக்கெட் எதுவுமே போடாத காடு அது.

பெயரை அவள் எழுதிக்கொடுத்தாள்: குளுக்கானஅசிட்டோபாக்டர். 1988-இல் பிரேசிலில் ஜோஹன்னா டோபரைனர் அம்மையாரும் அவருடன் இருந்தவர்களும் கரும்பின் வேரிலும் தண்டிலும் இதைக் கண்டு வெளியிட்டார்களாம். இது மண்ணில் தனியாகப் பிழைக்கிற சாதி இல்லை, கரும்புக்குள் இருக்கும் இனிப்புதான் அதற்கு வீடு. இதே பெயர் போட்ட பாக்கெட்டைக் கடையில் விற்கிறார்கள். என் கரும்புக்குள்ளேயே இருக்கிறவனை நான் எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? அன்றைக்கே அந்தப் பெண்ணிடம் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

பழைய விரிவாக்கம் (தாராபுரம்)

என் கதை சின்னது. காங்கயம் பக்கம் மானாவாரிக் கடலைக்காய்க் காட்டில் ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முண்டை நகத்தால் நசுக்கினேன். உள்ளே இரத்தச் சிவப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த காட்டில் நசுக்கினால் வெளிறிப்போய் இருந்தது. இரண்டும் ஒரே மழையில் விதைத்தவை. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின், முண்டுக்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா தழைச்சத்து பிடிக்கும் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். வெளிறிய முண்டு சோம்பேறி முண்டு. அவ்வளவுதான்.

மடைமாற்றி கேட்டதற்கு வருகிறேன். உங்கள் கரும்பில் இருப்பது உண்மை. எத்தனை இருக்கிறது, எந்த இரகம், என்ன வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி. தழைச்சத்தை அள்ளிக் கொட்டும் காட்டில் இந்தப் பாக்டீரியா கரும்புக்குள் குறைந்துபோகிறது என்று ஆய்வு இருக்கிறது. காற்றில் இருப்பதை உடைத்தெடுப்பது அதற்குச் செலவு அதிகமான வேலை. வாசலில் யூரியா குவிந்து கிடக்கும்போது யார் உழைப்பார்கள்? பிரேசிலில் குறைந்த உரத்திலேயே தலைமுறை தலைமுறையாகக் கரும்பைத் தேர்ந்தெடுத்ததால்தான் இந்தக் கூட்டு அங்கே வலுவாக இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஆகவே பாக்கெட் வாங்குவதற்கு முன் யூரியா மூட்டையை எண்ணுங்கள்.

இனி எல்லோருக்கும் சில வார்த்தை. நெல் விதைக்கு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ், நோயைத் தடுக்கும் பாக்டீரியாப் பொடி. பூஞ்சைக்கொல்லியில் புரட்டிய விதையில் அதே நாளில் இதையும் புரட்டாதீர்கள். தாமிர மருந்து அடித்த டேங்கைக் கழுவாமல் இதை ஊற்றாதீர்கள், அந்த மருந்து பாக்டீரியாவையும் கொல்லும். உயிர் உரத்தை மட்கிய எருவில் கலந்து, ஈரம் இருக்கும்போது, வெயில் தாழ்ந்த பிறகு போடுங்கள். காய்ந்த மண்ணில் உச்சி வெயிலில் தூவினால் வேரைத் தொடும் முன்பே பாதி செத்துவிடும். உள்ளே போகிறவை பெரும்பாலும் பக்கவேர் முளைக்கும்போது ஏற்படும் வெடிப்பு வழியாகத்தான் போகின்றன, அதனால் புதுவேர் விடும் சமயம் முக்கியம். பாக்கெட்டில் தேதி பார்க்காமல் வாங்குவது, வாங்கி மோட்டார் அறையில் போட்டுவைப்பது, ஒருமுறை போட்டுவிட்டுப் பலனில்லை என்பது...

மஞ்சமண்டி (ஈரோடு)

பழைய விரிவாக்கம் அண்ணா, மன்னிக்கவும், நடுவில் புகுந்துவிட்டேன். உங்கள் அறிவுரை முழுவதும் சரி, பாக்கெட்டில் உயிர் இருந்தால்!

விதை மஞ்சளை நனைத்து நட ஒரு கடையில் உயிர் உரமும் சூடோமோனாஸும் வாங்கினேன். கிழங்கு அழுகலில் கை சுட்டவன், அதனால் சும்மா விடவில்லை. தெரிந்த தம்பி ஒருவன் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறான், கொஞ்சம் அவனிடம் கொடுத்தேன். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பொடியில் கலந்த உயிர் உரத்தில் கிராமுக்கு 5 கோடி உயிர் குறையாமல் இருக்க வேண்டும். அதை வளர்த்துப் பார்த்த தட்டைத் திறந்து காட்டினான். பச்சைப் பூசணம் பூத்திருந்தது. நான் வாங்கப் போன குச்சிப் பாக்டீரியா ஒன்றுகூட இல்லை. சித்திரை மாதம் தகரக் கூரைக்கு அடியில் அடுக்கி வைத்திருந்த சரக்கு. கடைக்காரரிடம் கேட்டால் "இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, நம்பிக்கையில் போடுவதுதான்" என்கிறார். கோவிலுக்கா போனேன்?

பாக்டீரியாவில் குறை இல்லை. அது கடைக்கு வந்து சேரும் வழியில்தான் செத்துப்போகிறது. இப்போது நேராகப் பல்கலைக்கழகத்திலேயே, தேதி பார்த்து வாங்குகிறேன். அதுவும் முடியாத ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அண்ணாவிடம் பதில் இருக்கிறதா?

சென்னிமலைச் சாரல்

உரத்தைவிட்டு வேறு ஒன்று. பாவட்டைச் செடி. அம்மிச்சி இருந்தவரை கை கால் வலி என்றால் அதன் இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பார். மலைச்சரிவில் ஒரு நாள் பறிக்கும்போது தற்செயலாக ஓர் இலையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். இலை முழுக்கக் கரும்புள்ளி. நோய் விழுந்த செடி என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். அதிலும் புள்ளி. அதற்கடுத்ததிலும். இளந்தளிரிலும் கூட.

பிறகுதான் தெரிந்தது, அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் பாக்டீரியா அடைந்து கிடக்கும் அறை. 1902-லேயே சிம்மர்மான் என்பவர் பாவட்டை இனத்தில் இதை எழுதிவைத்திருக்கிறார். விதை வழியாகவே அடுத்த தலைமுறைச் செடிக்குப் போய்விடுகிறது. கடலைக்காய் வேர்முண்டு மாதிரி இதுவும் தழைச்சத்து பிடிக்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள், அது பொய்த்துவிட்டது. செடியைத் தின்னவரும் பூச்சிக்கும் விலங்குக்கும் எதிராக நஞ்சு தயாரிக்கிறது என்பதுதான் இப்போதைய எண்ணம்.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் பழங்குடி மக்கள் வெட்டுக்காயத்துக்குப் பயன்படுத்தும் ஒரு கொடி இருக்கிறது, கென்னடியா நிக்ரிகன்ஸ். அதன் தண்டுக்குள் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து முனும்பிசின் என்ற கிருமிக்கொல்லிப் பொருள்களைப் பிரித்து 2002-இல் வெளியிட்டார்கள். அதைப் படித்ததிலிருந்து அம்மிச்சியின் ஒத்தடத்தில் வேலை செய்தது இலையா, இலைக்குள் இருந்தவனா என்ற எண்ணம் விடவே மாட்டேன் என்கிறது. வெறும் சூடுதான் என்றாலும் சரி, யாராவது பாவட்டையில் சோதித்துப் பார்க்கட்டும்.

ஊத்துக்குளியார்

சாரல், பயமுறுத்துகிறீர்களே. தென்னாப்பிரிக்காவில் பாவட்டை தின்ற ஆடு மாடு இதயம் நின்று விழுகிறது என்று எங்கோ படித்தேன். எங்கள் வெள்ளாடுகள் காட்டில் எல்லாவற்றிலும் வாய் வைக்கும். செடியை வெட்டி எறியச் சொல்லிவிடவா?

சென்னிமலைச் சாரல்

வெட்டாதீர்கள் அண்ணா. அந்த நோய்க்கு அங்கே கௌசிக்டே என்று பெயர். தின்று சில வாரம் கழித்து, நடந்துகொண்டிருக்கும் மாடு பொத்தென்று விழும். காரணம் பாவட்டமைன் என்ற நஞ்சு. அது ஆப்பிரிக்காவில் வளரும் வேறு சில பாவட்டை இனங்களிலும் உறவுச் செடிகளிலும் வருவது. அந்தச் செடிகளிலெல்லாம் பர்க்ஹோல்டேரியா வகைப் பாக்டீரியா இருப்பதால் சந்தேகம் அதன் மேல்தான் விழுந்திருக்கிறது. உங்கள் ஆடு இத்தனை தலைமுறை மேய்ந்து எப்போதாவது அப்படி விழுந்ததா? அதுதான் பதில். ஆனால் இதைக் கேட்ட பிறகு செடிக்குள் இருப்பதெல்லாம் நன்மை செய்யும் பாக்டீரியா என்று மொத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பர்க்ஹோல்டேரியா செபேசியா கூட்டத்தில் பயிருக்கு உதவுகிற சிலவே, நுரையீரல் நோயாளிகளுக்கு எமனாக வந்திருக்கின்றன. செடிக்கு நல்லவன் நமக்கும் நல்லவன் என்று எழுதிக்கொடுக்கவில்லை.

மருந்துச்சீட்டு (திருப்பூர்)

எழுதலாமா என்று யோசித்தே நாள் போய்விட்டது. என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய். மருத்துவமனை மருந்தகத்தில் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, விலையைப் பார்த்த கண் பெயருக்குப் போகவே நேரமானது. ட்ராஸ்டுசுமாப் எம்டான்சின். மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அந்த இரண்டாவது பெயரைத் தேடிப் படித்தேன். எம்டான்சினின் மூலம் மேடான்சின், எத்தியோப்பியாவில் வளரும் ஒரு புதரிலிருந்து 1972-இல் கண்டெடுத்தது. புதரில் இருப்பது துளியிலும் துளி. செடியை வெட்டி மருந்து செய்திருந்தால் காடே போதாது. பிறகு ஆக்டினோசின்னேமா என்ற பாக்டீரியா இதே குடும்பத்துப் பொருளைத் தொட்டியில் பெருக்கித் தருவது தெரிந்தது. மருந்துக்கு மூலப்பொருள் இப்போது அங்கிருந்துதான் வருகிறது. புற்றணுவைத் தேடிப்போகும் எதிர்ப்புரதத்தில் அதைக் கட்டி அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் 2013-இல் அனுமதி கிடைத்தது. 2014-இல் இன்னொன்றும் வந்தது: தென்னாப்பிரிக்காவின் புட்டர்லிக்கியா என்ற செடியில் மேடான்சினை உண்டாக்குவது அதன் வேருக்குள் இருக்கும் பாக்டீரியாக்களே என்று.

தங்கை எழுந்ததும் சொன்னேன். "எனக்குள் இப்போது ஒரு புதர் ஓடுகிறதா அண்ணா?" என்று கேட்டாள். புதர் இல்லை, பாக்டீரியாவின் சரக்கு என்றேன். "அப்படியானால் எழுந்து நிற்கிற தைரியம் வந்துவிடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நலம் விசாரிப்பவர்களுக்கு: நன்றாக இருக்கிறாள். பாவட்டைக் கஷாயம், நித்தியகல்யாணிச் சாறு என்று தனிச்செய்தி அனுப்பத் தொடங்கியிருப்பவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டினை மருத்துவர் மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றுகிறார். நீங்கள் டம்ளரில் அளக்கிறீர்கள்.

பழைய விரிவாக்கம்

மஞ்சமண்டி, நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். பாக்கெட் கிடைக்காத ஊர்க்காரருக்கு என் பதில் மணிலா அகத்தி என்ற பசுந்தாள் உரச்செடி. அதற்கு வேரில் மட்டும் இல்லை, தண்டிலும் முண்டு கட்டும். தண்ணீர் நிற்கிற வயலிலும் தண்டு முண்டு மேலே நின்று வேலை செய்யும். நெல் நடுவதற்கு முன் மடக்கி உழுதால் போதும், பாக்டீரியாவைப் பாக்கெட்டில் தேட வேண்டியதில்லை.

மடைமாற்றி

அண்ணா, என் கேள்விக்குப் பாதி பதில்தான் வந்தது, போகட்டும். மணிலா அகத்தி விதை எங்கே கிடைக்கும்? போன முறை கேட்டதற்கு ஒருவர் தக்கைப்பூண்டு என்ற வேறு பசுந்தாள் உரச்செடியின் விதையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பழைய விரிவாக்கம்

விதையை வைத்துக் கண்டுபிடிப்பது சிரமம். வளர்ந்த செடியைக் காட்டச் சொல்லுங்கள். தண்டில் வரிசை வரிசையாகச் சொரசொரப்பான மேடு கையில் தட்டுப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், வழவழப்பாக இருந்தால் காசைக் கொடுக்காதீர்கள். மாசியில் என்னிடம் விதை தேறும், பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.