இந்தக் கோடையில் போனதும் மிஞ்சியதும்: தக்காளிச் செடிகளைப் பிடுங்கவா, விடவா? (ஜூன் 2024)

ஈரோட்டு மாடி:
எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் இரண்டாவது மாடியில் 42 பைகளில் தோட்டம் வைத்திருக்கிறேன். இது நான்காவது வருடம். இந்த ஏப்ரலில் எங்கள் ஊர் வெயில் 42 டிகிரியைத் தாண்டித் தாண்டிப் போனது. அக்னி நட்சத்திரம் மே 4-இல்தான் தொடங்கியது. அதற்குள்ளேயே என் தோட்டத்தில் பாதி வாடிவிட்டது.

பெரிய அடி தக்காளியில்தான். தை கடைசியில் நாற்று விட்டு, மாசி கடைசியில் 12 பைகளில் நட்டேன். செடி இடுப்பு உயரம் வந்தது, பங்குனி கடைசியிலிருந்து ஒரே பூ. ஆனால் தினமும் காலையில் மேலே போனால் பூவெல்லாம் காம்போடு உதிர்ந்து கிடக்கும். 12 பைகளுக்கும் சேர்த்து ஒன்றே கால் கிலோதான் பறித்தேன். அதிலும் பாதிப் பழங்களுக்கு அடிப்பக்கம் கறுத்து அமுங்கியிருந்தது.

இன்னொன்று என் கையால் நடந்தது. மதியம் இலையெல்லாம் தொங்குவதைப் பார்த்தால் மனசு கேட்காது. ஒரு மணிக்கு மேலே போய் ஓஸ் பிடித்துத் தண்ணீர் விட்டேன். கறுப்புத் தொட்டியில் நின்ற தண்ணீர், கை வைக்க முடியாத சூடு. ஒரு வாரத்துக்குள் இரண்டு காந்தாரி மிளகாய்ச் செடிகளும் வதங்கிப் போயின. மார்த்தாண்டத்தில் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து மூன்று வருடமாகக் காய்த்த செடிகள். இன்னும் அந்தப் பைகளைக் காலி செய்ய மனம் வரவில்லை.

நல்லதும் நடந்தது. வெண்டை எட்டுச் செடியும் ஒருநாள் விட்டு ஒருநாள் காய் கொடுத்தது. கொத்தவரை வெயிலைக் கண்டுகொள்ளவே இல்லை. கைப்பிடிச் சுவர் நிழலில் வைத்த பசலைக்கீரையும் தப்பியது. மல்லிகையைக் கார்த்திகையில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்திருந்தேன். சித்திரையில் தினமும் இரண்டு முழம் கட்டினேன். மே நடுவில் மழை வந்தபோது அத்தனை சந்தோஷம், ஆனால் மழைக்கு முன்னால் அடித்த காற்று நிழல்வலையைப் பிய்த்துப் புடலைப் பந்தல் மேல் போட்டுவிட்டது.

இப்போது கேள்வி. தக்காளியில் ஏழு செடிகள் உயிரோடு இருக்கின்றன, அடியில் புதுத் துளிரும் தெரிகிறது. வெட்டிவிட்டு ஆடி வரை காப்பாற்றலாமா? அப்புறம், பைகளின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. போர் தண்ணீர்தான் விடுகிறேன். அந்த மண்ணை மறுபடி பயன்படுத்தலாமா?

கோபி தோட்டக்காரர்:
தங்கச்சி, பூ உதிர்ந்தது உங்கள் வளர்ப்பில் உள்ள குறை இல்லை. பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவிலும் சூடு இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடும். பூக்கும், பிஞ்சு பிடிக்காது. மொட்டை மாடியில் இது இன்னும் மோசம், பகலெல்லாம் குடித்த சூட்டைத் தளம் ராத்திரி முழுக்கக் கக்கும். தக்காளி நாற்றை மார்கழிக்குள் நட்டுவிட்டால் வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி பறித்துவிடலாம்.

இருக்கும் ஏழையும் பிடுங்கிவிடுங்கள். கிழட்டுச் செடியில் இலைச்சுருட்டு நோய் இருந்தால் வெள்ளை ஈ அதைப் புது நாற்றுக்குக் கொண்டுபோய்விடும். கத்தரி இருந்தால் அதை அரை அடி விட்டு வெட்டுங்கள், அது மறுபடி நன்றாகத் துளிர்த்துக் காய்க்கும். தக்காளிக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

மதுரை கீரைக்காரி:
அக்கா, பழத்தின் அடி கறுத்தது பூஞ்சை இல்லை. ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் வெள்ளம் என்று தண்ணீர் மாறி மாறிக் கிடைத்தால் சுண்ணாம்புச் சத்து பழத்தின் நுனி வரை போய்ச் சேராது. மண்ணில் சத்து இருந்தாலும் இப்படி ஆகும்.

உப்பு மண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். மேலே பூத்திருக்கும் இரண்டு விரல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, மழை பெய்யும்போது பைகளைத் திறந்து வையுங்கள். அடி ஓட்டைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு கரைந்து வெளியே போய்விடும். அப்புறம் மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் கலந்தால் போதும். வெண்டை மட்டும் எப்படித் தப்பியது? ஏதாவது தனியாகச் செய்தீர்களா?

ஈரோட்டு மாடி:
அண்ணா, கேட்டதும் மனசு லேசானது. மூன்று மாதமாக உரத்தில்தான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீரைக்காரித் தங்கச்சிக்கு: வெண்டைப் பைகளுக்கு மட்டும் மூடாக்குப் போட்டிருந்தேன். தெருமுனையில் கரும்புச் சாறு கடைக்காரர் சக்கையைச் சும்மா கொடுப்பார். எறும்பு வராமல் இருக்க இரண்டு தண்ணீரில் அலசி, காயவைத்து, நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினேன். பைக்கு அடியில் இரண்டு செங்கல். மதியம் அந்தச் சக்கைக்குக் கீழே விரலை விட்டால் மண் குளுகுளுவென்று இருக்கும். பக்கத்துத் தக்காளிப் பையில் விரல் சுடும். அதைப் பார்த்த பிறகு மே மாதம் எல்லாப் பைகளுக்கும் போட்டேன், தக்காளிக்குக் காலம் கடந்துவிட்டது.

மதியத் தண்ணீரையும் அன்றோடு நிறுத்தினேன். விடிகாலை ஐந்தரைக்கு ஒரு தடவை. மாலை ஆறு மணிக்கும் இலை தொங்கினால் மட்டும் இன்னொரு செம்பு. மதியம் தொங்கிய இலை சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடுகிறது. இது முன்பே தெரிந்திருந்தால் காந்தாரியைக் காப்பாற்றியிருப்பேன்.

நாகர்கோவில் கொல்லை:
காந்தாரி எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிற்கிறது அக்கா. பழுத்துச் சிவந்ததை விட்டுவைத்திருக்கிறேன், பறவைகளுக்கு முன்னால் பறிக்க வேண்டும். நிழலில் காயவைத்துத் தபாலில் அனுப்புகிறேன். ஆனால் உங்கள் செடியை அதற்குள் பிடுங்கிவிடாதீர்கள். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் மேலே வெட்டிவிட்டு நிழலில் வையுங்கள்.

ஈரோட்டு மாடி:
இப்போதுதான் மேலே போய்க் கீறிப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒன்றில் முழுக்கக் காய்ந்த மரம். இன்னொன்றில் தரையிலிருந்து ஒரு சாண் வரை பச்சை இருக்கிறது! வெட்டிப் பசலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். தக்காளி ஏழையும் நாளைக் காலை பிடுங்குகிறேன். விதையை அனுப்புங்கள் தங்கச்சி, எனக்கு இரண்டு பைகளுக்கு அது வேண்டும்.