பைத்தானில் கோப்பு நேரம்: ஃப்ளோட்டை இன்னும் எத்தனை நாள் கட்டி அழுவது?

பனங்காட்டு_பக்:
அலுவலகத்தில் ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை, அதாவது எஸ்டி_எம்டைம் மதிப்பை எடுக்கும், தேதி-நேர வடிவமான டேட்டைம் ஆக்கி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் போட்டு வைக்கும், அடுத்த நாள் இரவு அதையே டைம்ஸ்டாம்ப்() வழியாகத் திரும்ப எண்ணாக்கி, டிஸ்க்கில் இருப்பதோடு சமமா என்று பார்க்கும். சமமில்லை என்றால் அந்தக் கோப்பை அனுப்பும், அவ்வளவுதான் வேலை. ஆனால் யாரும் கையே வைக்காத ஃபோல்டரில்கூட முக்கால்வாசிக் கோப்புகள் தினமும் 'மாறிவிட்டன' என்று கிளம்பிப் போகின்றன. ஒரு மொழியின் ஸ்டாண்டர்ட் லைப்ரரி, தான் கொடுத்த நேரத்தைத் தானே வாங்கி வைத்துத் திருப்பித் தர முடியாதா? நேரத்துக்கு ஃப்ளோட், அதாவது தோராயமாகச் சேமிக்கப்படும் புள்ளி எண், எதற்கு என்பதுதான் என் கேள்வி. திட்டுவதானாலும் காரணத்தோடு திட்டுங்கள்.

ராத்திரி_ஷிப்ட்:
முக்கால்வாசி என்று நீங்கள் குத்துமதிப்பாகச் சொன்னீர்களோ என்னவோ, கணக்கும் அதைத்தான் சொல்கிறது. ஃப்ளோட்டில் எண்ணுக்கென்று இருப்பது 53 பிட். 1970-இலிருந்து எண்ணினால் 170 கோடி வினாடியைத் தாண்டிவிட்டோம், அதை எழுதவே 31 பிட் போய்விடுகிறது, மிச்சம் 22 பிட்டில்தான் வினாடியின் பின்னம் உட்கார வேண்டும். ஆகவே பக்கத்துப் பக்கத்து ஃப்ளோட்டுகளுக்கு நடுவே 238 நானோவினாடி இடைவெளி. ஒரு மைக்ரோவினாடிக்குள் நான்கு சொச்சம் ஃப்ளோட் வரும். டேட்டைமும் போஸ்ட்கிரெஸும் மைக்ரோவினாடிக்குக் கீழே எதையும் வைத்துக்கொள்ளாது, அதனால் நான்கும் உள்ளே போய் ஒன்றாகிவிடும். திரும்பி வரும்போது அந்த நான்கில் ஒன்றுதான் பழைய இடத்துக்கு வரும். மீதி மூன்றும் உங்கள் ஸ்கிரிப்ட்டின் பார்வையில் மாறிய கோப்புகள்.

போட்டுப் பாருங்கள்: டிஸ்க்கில் 1700000000 வினாடியும் 123456789 நானோவினாடியும் இருக்கட்டும். எஸ்டி_எம்டைம் 1700000000.1234567 என்று அச்சாகும், அங்கேயே 72 நானோவினாடி காலி. டேட்டைம் அதை .123457 என்று ரவுண்ட் செய்யும். திரும்ப எண்ணாக்கினால் சரியாக அடுத்த ஃப்ளோட்டில் போய் நிற்கும். சமமா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

மருந்து பைத்தான் 3.3-லேயே வந்துவிட்டது. எஸ்டி_எம்டைம்_என்எஸ், அதே நேரம் நானோவினாடிக் கணக்கில், முழு எண்ணாக. டேட்டாபேஸில் பிகின்ட் (64 பிட் முழு எண்) நெடுவரிசையில் அப்படியே போடுங்கள். 3.7-இல், இப்போதைய நேரத்தையும் அப்படியே முழு எண்ணாகத் தரும் டைம்_என்எஸ்() வந்தது. ஃப்ளோட் வடிவத்தை எப்போதோ தூக்கியிருக்க வேண்டும், பழைய புரோகிராம்கள் உடையும் என்ற பயத்தில் வைத்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி_ரூட்:
தம்பிகளா, ஃப்ளோட்டை == போட்டு ஒப்பிட்டுவிட்டு லைப்ரரியைத் திட்டுவது நியாயமே இல்லை. இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிவினாடிக்குள் இருந்தால் சமம் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. கோப்பு நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியில் மாடிஃபை-விண்டோ என்ற ஆப்ஷன் இதற்காகவே இருக்கிறது, ஏனென்றால் ஃபேட் பென்டிரைவில் கோப்பு மாறிய நேரம் 2 வினாடிக்கு ஒருமுறைதான் நகரும்.

அப்புறம் அந்த ஒன்பது இலக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தில் நானோவினாடிக்கு இடம் இருக்கிறது, சரி. ஆனால் லினக்ஸ் கர்னல் அதில் எழுதும் நேரம் நெடுங்காலமாக டைமர் டிக் (கர்னல் கடிகாரத்தின் துடிப்பு) அளவுக்குத்தான் நகர்ந்துகொண்டிருந்தது. 250 ஹெர்ட்ஸ் கர்னல் என்றால் 4 மில்லிவினாடி. அந்த 4 மில்லிவினாடிக்குள் நீங்கள் ஒரு கோப்பில் பத்து தடவை எழுதினாலும் பத்துக்கும் ஒரே நேரம்தான், ஒன்பது இலக்கமும் அச்சு அசலாக. 6.13 கர்னலில்தான் இதற்கு வழி செய்தார்கள், அதிலும் யாராவது நேரத்தைக் கேட்டுப் பார்த்த பிறகு அடுத்த மாற்றத்துக்குத்தான் நுணுக்கமான நேரம் போடும். எழுத இடம் இருப்பது வேறு, அளக்கும் கருவி அவ்வளவு துல்லியமாக இருப்பது வேறு. நானோவினாடி வேண்டும் என்று சண்டை போடுகிறவர்களில் பலருக்கு மில்லிவினாடியே உருப்படியாகக் கிடைக்கவில்லை.

ராத்திரி_ஷிப்ட்:
அண்ணாச்சி, கருவி துல்லியமில்லை என்பதற்காக அது கொடுத்த எண்ணை நாமும் சிதைக்கலாமா? பேக்கப்புக்கு வேண்டியது உண்மையான நேரமே இல்லை. நேற்று பார்த்த அதே எண்தானா என்பது மட்டும்தான். அதற்கு ஒரு பிட்கூட மாறாமல் போய் வர வேண்டும். ஒரு மில்லிவினாடி சலுகை கொடுத்தால் அதற்குள் நடந்த உண்மையான மாற்றம் நழுவிவிடும்.

ஃப்ளோட் வழியாகக் கோப்பை நகலெடுத்து நேரத்தையும் யுடைம் (கோப்பு நேரத்தை மாற்றும் ஃபங்ஷன்) வழியாக வைத்தால் நகல் மூலத்தைவிட அதே எழுபது சொச்சம் நானோவினாடி பழையதாகிவிடும், மேக் என்ற பில்ட் கருவி அதைப் பார்த்து மறுபடி பில்ட் செய்யப் போகும். பைத்தானின் கோப்பு நகலெடுக்கும் மாட்யூலான ஷ்யூட்டில் உள்ளே, நேரத்தையும் நகலுக்குக் கொண்டுபோகும் காப்பிஸ்டாட் நானோவினாடி முழு எண்ணுக்கு மாறியதை மறந்துவிட்டீர்களா? லைப்ரரியே தன் ஃப்ளோட்டை நம்பவில்லை, நாம் ஏன் நம்ப வேண்டும்?

கறார்_டைப்:
இரண்டு அண்ணன்களும் பிட்டையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு முழு எண்ணும் பிடிக்கவில்லை. டைம்_என்எஸ்() தருவது இன்ட். பின்னோக்கிப் போகாத கடிகாரமான மோனோடானிக்_என்எஸ்() தருவதும் இன்ட். முதலாவது 1970-இலிருந்து, இரண்டாவதற்கு எங்கே ஆரம்பம் என்றே சொல்ல முடியாது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பைத்தான் மூச்சே விடாது, ஏதோ ஒரு பெரிய எண்ணைக் கையில் கொடுக்கும். ரஸ்ட் மொழியில் சுவர்க்கடிகார நேரமான சிஸ்டம்டைம் ஒரு டைப், மோனோடானிக் நேரமான இன்ஸ்டன்ட் வேறு டைப், கலந்தால் கம்பைலே ஆகாது. ஜாவாவில் 2014-இலேயே, ஜாவா 8-இல், வினாடிக்கு ஒரு லாங், நானோவினாடிக்கு ஒரு இன்ட் என்று இன்ஸ்டன்ட் கொண்டுவந்துவிட்டார்கள்.

யூனிட் எங்கே? நெடுவரிசையின் பெயரில் என்எஸ் என்று எழுதினால்தான் தெரியும், எழுத மறந்தால் ஆயிரம் மடங்கு பிழை. அந்த முழு எண்ணை ஜேசனில் போட்டு பிரவுசருக்கு அனுப்பிப் பாருங்கள். ஜேசனில் வரும் எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் வழக்கமாக ஃப்ளோட்டாகத்தான் படிக்கும், 1700000000123456789 போய் 1700000000123456800 என்று திரையில் வரும். வாசல் வழியாக விரட்டிய ஃப்ளோட் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. டேட்டைமுக்கே நானோவினாடி கொடுத்திருந்தால் இந்தத் திரியே வந்திருக்காது.

அண்ணாச்சி_ரூட்:
ஃப்ளோட்டை மாற்ற யாரும் முயலவில்லை என்று நினைக்காதே அம்மா. 2012-இல் விக்டர் ஸ்டின்னர் பெப் 410 என்ற பைத்தான் மாற்ற முன்மொழிவை எழுதினார், டைம் மாட்யூல் ஃபங்ஷன்களும் கோப்பு விவரம் தரும் ஸ்டாட்டும் கேட்டால் நேரத்தை டெசிமல் என்ற துல்லியமான தசம எண்ணாகத் தரட்டும் என்று. நிராகரித்தார்கள். ஐந்து வருடம் கழித்து அவரே பெப் 564 எழுதினார், அதில் கேட்டது வெறும் முழு எண், அது ஏற்கப்பட்டது. புது டைப் கேட்டபோது கதவு அடைத்தது, _என்எஸ் என்று வால் ஒட்டியதும் திறந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை, டெசிமலைக் கணக்கில் கலந்தால் ஃப்ளோட்டோடு கூட்டவே முடியாது, எல்லா இடத்திலும் எரர் அடிக்கும்.

ராத்திரி_ஷிப்ட்:
தங்கச்சி, தனி டைப் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். கோ மொழியில் டைம்.டைம் ஒரே டைப்தான், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1.9 பதிப்பிலிருந்து அதற்குள்ளே மோனோடானிக் கடிகாரமும் ஒளிந்திருக்கிறது, டைம்சோன் விவரமும் இருக்கிறது. ஒரே நொடியைக் குறிக்கும் இரண்டு மதிப்புகளை == போட்டால் பொய் என்று வரலாம், ஈக்வல்() தான் கூப்பிட வேண்டும். டைப் இருந்தும் அதே பள்ளம்.

ஜாவா கதை இன்னும் நன்று. ஜாவா 8-இல் இன்ஸ்டன்ட்.நவ் மில்லிவினாடிதான் தந்தது, போஸ்ட்கிரெஸில் போட்டு எடுத்தால் அப்படியே வரும். 15-இல் லினக்ஸில் நானோவினாடி தர ஆரம்பித்தார்கள். டைப் மாறவில்லை, கோடில் ஒரு எழுத்து மாறவில்லை, ஆனால் சேமித்து எடுத்து ஒப்பிடும் டெஸ்ட்டுகள் விழ ஆரம்பித்தன, ஏனென்றால் டேட்டாபேஸ் மைக்ரோவினாடியில் ரவுண்ட் செய்கிறது. இப்போது சேமிப்பதற்கு முன்னால் மைக்ரோவினாடிக்கு ட்ரங்கேட் செய் என்று ஊரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கறார்_டைப்:
அந்த மோனோடானிக் ஏன் உள்ளே வந்தது என்பதையும் சொல்லுங்கள் அண்ணா. 2017 பிறந்த நொடியில் லீப் செகண்ட் என்ற கூடுதல் வினாடியைச் சேர்த்தபோது கடிகாரம் பின்னால் போய், கிளவுட்ஃபிளேர் நிறுவனம் கோ மொழியில் எழுதிய டிஎன்எஸ் புரோகிராமில் நேர வித்தியாசம் மைனஸில் வந்து பேனிக் ஆனது, அதாவது பாதியில் முறிந்தது. சுவர்க்கடிகார நேரத்தைக் கால அளவுக்குப் பயன்படுத்த அந்த டைப் அனுமதித்ததுதான் காரணம். அதே வருடம் 1.9-இல் ஒட்டுப்போட்டார்கள். இரண்டு டைப்பாகப் பிரித்திருந்தால் அந்த ஒட்டும் வேண்டாம், நீங்கள் சொல்லும் == தொல்லையும் வேண்டாம். ஜாவா பற்றிச் சொன்னது சரிதான், டைப்புக்குள் துல்லியம் எவ்வளவு என்பது எழுதப்படவில்லை. அது ஒரு குறைதான், இன்டில் மட்டும் எழுதியிருக்கிறதா என்ன?

பனங்காட்டு_பக்:
நான் கேட்டது ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட்டைப் பற்றி, நீங்கள் லீப் செகண்ட் வரை போய்விட்டீர்கள்! பிகின்ட் போடலாம் என்றால் 64 பிட் நானோவினாடி 2262-இல் தீர்ந்துவிடும் என்று பாண்டாஸ் லைப்ரரியின் ஆவணத்தில் பார்த்த ஞாபகம், அது ஒரு பிரச்சினையா?

அண்ணாச்சி_ரூட்:
கோப்பு நேரத்துக்கு 2262 போதும் தம்பி. பிறந்தநாளையும் ஒப்பந்தத் தேதியையும் அதில் போடாதே, 1677-க்கு முன்னாலும் போக முடியாது. ஆனால் முழு எண் போட்டாலும் நேரத்தை மட்டும் நம்பாதே. பைத்தானே தான் கம்பைல் செய்து வைக்கும் பிஒய்சி கோப்பில் சோர்ஸ் கோப்பின் நேரத்தை வெறும் வினாடியாகத்தான் வைக்கிறது, கூடவே கோப்பின் அளவையும் வைக்கிறது. ஒரே வினாடிக்குள் அளவு மாறாமல் ஓர் எழுத்தைத் திருத்தினால் அதற்குத் தெரியாது. 3.7-இல் ஹேஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) வைத்துச் சரிபார்க்கும் வழியும் கொடுத்தார்கள், அது எப்போது பில்ட் செய்தாலும் அதே பிஒய்சி வர வேண்டும் என்பதற்காக.

ராத்திரி_ஷிப்ட்:
இது ஒன்றில் அண்ணாச்சியோடு சண்டை இல்லை.

பனங்காட்டு_பக்:
சரி, நெடுவரிசைக்கு எம்டைம்_என்எஸ் என்று பெயர் வைத்து பிகின்ட் ஆக்குகிறேன், பக்கத்தில் கோப்பின் அளவு. இரண்டும் மாறாமல் இருந்து, மாறிய நேரம் ஸ்கேன் ஓடிய நேரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஹேஷ். டேஷ்போர்டுக்கு அனுப்பும்போது அந்த எண்ணை ஸ்ட்ரிங்காக அனுப்புகிறேன், 800 பஞ்சாயத்து வேண்டாம். பழைய டேட்டைம் நெடுவரிசையிலிருந்து புது எண்ணைக் கணக்கிட்டு நிரப்ப வழி உண்டா?

கறார்_டைப்:
கிடையாது. போன நானோவினாடி போனதுதான். காலியாக விடுங்கள், ஒரு இரவு எல்லாக் கோப்பும் போகட்டும்.