சூழலுக்கு உகந்த டயபர்: எதைத் தெரிவு செய்வது?

கேள்வி (தலவாக்கலை): எங்கள் லயத்துக்குக் குப்பை வண்டி வருவதில்லை, கழற்றிய டயபரைக் கானில் போட்டால் மழையோடு கொத்மலை ஓயாவுக்குத்தான் போகும். 'மூங்கில்', 'மட்கும்' என்று எழுதியிருப்பவற்றை நம்பி வாங்கலாமா, அக்கா?

பதில் (ஹட்டன்): தங்கச்சி, மூங்கில் பெரும்பாலும் தோலில் படும் மேல்விரிப்பில் மட்டுமே இருக்கும், உள்ளே ஈரத்தை ஜெல்லாக்கிப் பிடித்துவைக்கும் சோடியம் பொலிஅக்ரிலேட் துகள்கள் பெட்ரோலியத்திலிருந்து வருபவை, மண்ணில் எளிதில் மட்காதவை. உள்ளே உறிஞ்சும் மரக்கூழ் குளோரின் இன்றி வெளுத்ததா, வாசனை சேர்க்காததா என்று பொதியில் பாருங்கள்.

பதில் (நுவரெலியா): மட்கும் வகைக்கும் 55 பாகை செல்சியஸ் அளவில் சூடேறும், குப்பையை மட்கவைத்து உரமாக்கும் கூடம் வேண்டும், நம் குளிர் மண்ணில் புதைத்தால் நெடுங்காலம் அப்படியே கிடக்கும். அடுப்பிலும் எரிக்காதீர்கள். பகலில் துணி, இரவுக்கும் கிளினிக் பயணத்துக்கும் மட்டும் டயபர் என்பதே என் முடிவு.

கேட்டவர்: அடைமழையில் துணி காயாதே, அக்கா?

பதில் (நுவரெலியா): தடித்த பிளானலை விட்டு மெல்லிய பருத்திச் சதுரங்களை வாங்கி, அடுப்படிக் கொடியில் விரித்துப் போடுங்கள், விரைவில் காய்ந்துவிடும்.