டி.ஏ. கிடைக்கும் என்று நம்பி எம்.எஸ். சேரலாமா?

கேள்வி

அமெரிக்காவில் இரண்டு இடங்களில் அட்மிஷன் வந்திருக்கிறது. ஒன்று பி.எச்டி.: வாரம் 20 மணி நேரம் டி.ஏ. வேலை (கற்பிப்பதில் பேராசிரியருக்கு உதவுவது), கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, 9 மாதத்துக்கு ஸ்டைபெண்ட் (மாதாமாதம் தரும் உதவித்தொகை). இன்னொன்று எம்.எஸ்., நல்ல பெயருள்ள துறை, ஆனால் உதவித்தொகை எதுவும் இல்லை, கடன் வாங்கித்தான் போக வேண்டும். அங்கே படிக்கும் சீனியர் "வந்து சேர், இரண்டாவது செமஸ்டரில் டி.ஏ. வாங்கிவிடலாம்" என்கிறார். ஆராய்ச்சி பிடிக்கும், ஐந்தாறு வருடம் என்பதுதான் பயம். பி.எச்டி. துறையோ இந்த வாரமே முடிவு சொல்லச் சொல்கிறது. இன்னும் மார்ச்சே முடியவில்லை!

பதில் 1

முதலில் அந்த அவசரத்தை விடுங்கள். உதவித்தொகையோடு வரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லத் தேவையில்லை என்று அங்கே பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கையெழுத்திட்ட தீர்மானம் ஒன்று இருக்கிறது. உங்களுடையது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மரியாதையாக அதைச் சொல்லியே அவகாசம் கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எம்.எஸ். விஷயத்தில் சீனியர் சொல்வதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பெரும்பாலான துறைகளில் டி.ஏ. இடங்கள் முதலில் பி.எச்டி. மாணவர்களுக்குத்தான், மிஞ்சினால்தான் மற்றவர்களுக்கு. அவருக்குக் கிடைத்த வருடத்தில் மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். கிடைக்காவிட்டாலும் இரண்டு வருடத்தையும் சமாளிக்க முடியும் என்றால் மட்டும் போங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், அதில் வரும் பணத்தில் கல்விக் கட்டணத்தை அடைக்கவே முடியாது.

பதில் 2

பி.எச்டி. ஆஃபரையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், கையில் எவ்வளவு நிற்கும் என்று பாருங்கள். கல்விக் கட்டணம் தள்ளுபடி என்றால் எல்லாமே இலவசம் என்று நினைத்து நான் ஏமாந்தேன். மாணவர் கட்டணம், வெளிநாட்டு மாணவர் கட்டணம், மருத்துவக் காப்பீடு என்று ஒவ்வொரு செமஸ்டரும் தனியாக பில் வந்தது, முதல் சம்பளம் வருவதற்குள்ளேயே கட்டச் சொன்னார்கள். அப்புறம் அந்த 9 மாதம். மீதி 3 மாதக் கோடைக்கு ஆர்.ஏ. (ஆராய்ச்சியில் உதவும் சம்பள வேலை) உண்டா, இல்லை நாமே தேடிக்கொள்ள வேண்டுமா? எத்தனை வருடத்துக்கு உத்தரவாதம்? இதையெல்லாம் மெயிலில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும்.

ஸ்டைபெண்டுக்கு வருமான வரி உண்டு. இந்தியாவிலிருந்து போகும் மாணவர் என்றால் இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி, வரி போடும் முன் வருமானத்தில் ஒரு நிலையான தொகையைக் கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கலாம், மற்ற பல நாட்டு மாணவர்களுக்கு இது கிடையாது. வழக்கமாகச் சம்பளத்தில் பிடிக்கும் 7.65 சதவீத சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியும் எஃப்-1 மாணவருக்கு முதல் 5 காலண்டர் வருடங்களுக்குப் பொதுவாக இல்லை. எங்கள் சம்பளப் பிரிவு தெரியாமல் பிடித்துவிட்டது, திரும்ப வாங்கப் பல மாதம் அலைந்தேன். முதல் சம்பளச் சீட்டையே பாருங்கள்.

பதில் 3

பணக் கணக்கோடு வேலையையும் யோசியுங்கள். டி.ஏ. என்றால் விடைத்தாள் திருத்துவது மட்டும் இல்லை, லேப் நடத்த வேண்டும், மாணவர்கள் சந்தேகம் கேட்க வரும் ஆபீஸ் ஹவர்ஸில் உட்கார வேண்டும், தேர்வு வாரத்தில் 20 மணி நேரம் 30 ஆகும், அதே வாரம்தான் உங்கள் தேர்வும் வரும். பல இடங்களில் டோஃபெல் ஆங்கிலத் தேர்வின் ஸ்பீக்கிங் மதிப்பெண் போதாவிட்டால் வகுப்பு எடுக்க விடமாட்டார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் நான் கற்பித்த இரண்டு வருடத்தில்தான் என் பாடமே எனக்குச் சரியாகப் புரிந்தது, அதை இழக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஐந்து வருடம் வேண்டாம் என்று மனது சொன்னால், உதவித்தொகைக்காக மட்டும் பி.எச்டி.யில் சேராதீர்கள். பணம் வந்துகொண்டிருந்தும் மூன்றாம் வருடம் உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி. அந்தப் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது, அவகாசம் கேட்டு எழுதிவிட்டேன். கோடைக்கால ஆர்.ஏ., கட்டணங்கள் பற்றியும் அதிலேயே கேட்டிருக்கிறேன். எம்.எஸ்.ஸை விட்டுவிட்டேன். பி.எச்டி.க்கு முடிவு சொல்வதற்கு முன் அங்கே நான் சேர நினைக்கும் லேபில் இப்போது படிப்பவர் இரண்டு பேரிடமாவது பேசப் போகிறேன்.